மறியலில் இருப்பவரின் பிள்ளைக்கு ஒரு வழித்துணை உதவுமா?

"தகப்பன் மறியலிலை. மகன் மட்டும் என்ன ஒழுங்காய் வரவோ போறான்?"

இந்தக் கதையைக் கேட்காத சகோதரிகள் எங்கள் மத்தியில் மிகக் குறைவு. கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் மட்டுமல்ல, சில வேளைகளில் படித்தவர்கள் இருக்கும் அலுவலக அறைகளிலும் இது சொல்லப்படுகின்றது. தாய்க்குக் கேட்கட்டும் என்றே சிலர் சொல்வார்கள். பிள்ளைக்கும் அது கேட்கும் என்பதைச் சொல்பவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

எங்கள் பிரதேசங்களில் ஆண்கள் சிறைக்குப் போன காரணங்கள் பல. 1979 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, தவணைக்குத் தவணை நீதிமன்றம் போய் வந்து வருடங்களைக் கழித்தவர்கள் இருக்கின்றனர். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் தடுப்பிலும் புனர்வாழ்வு நிலையங்களிலும் இருந்து வந்தவர்கள் இருக்கின்றனர். போதைப்பொருள் வழக்கு, கசிப்பு வழக்கு என்று உள்ளே போனவர்களும், தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் மறியலுக்குப் போனவர்களும் இருக்கின்றனர். சில வீடுகளில் தாயே உள்ளே இருக்கிறார். இவை எல்லாம் ஒன்றல்ல. ஆனால் ஊர் இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே பெயரைத்தான் வைக்கிறது: "மறியல்காரன்ரை பிள்ளை."

இப்படியான பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து ஒரு வளர்ந்தவரைத் துணையாக இணைத்துவிட்டால் அவர்கள் வழி தவறாமல் வளர்வார்கள் என்ற எண்ணத்தில் பல நாடுகளில் திட்டங்கள் நடத்தப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் இதனை 'மென்ரரிங்' என்பார்கள். நாம் இங்கு 'வழித்துணை' என்று வைத்துக்கொள்வோம். களத்தில் சந்திக்கும் தாய்மார் சிலர், "உப்பிடி ஆரும் வந்து கேட்டால் பிள்ளையை விடலாமோ மிஸ்? அதாலை பிரயோசனம் இருக்கோ?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இம்மாதப் பக்கத்தில் அந்தக் கேள்விக்கே பதில் தேட விரும்புகின்றேன்.

இது இரத்தத்தில் வருவதா?

முதலில் ஊர்க் கதையை எடுத்துப் பார்ப்போம். தகப்பன் சிறை சென்றால் பிள்ளையும் செல்வானா?

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் 1961 ஆம் ஆண்டு முதல் 411 சிறுவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தனர். அவர்கள் வளர்ந்து நடுத்தர வயதை அடையும் வரை அந்த ஆய்வு தொடர்ந்தது. பத்து வயதுக்குள் தாயையோ தகப்பனையோ சிறைக்குப் பறிகொடுத்த பிள்ளைகள் பிற்காலத்தில் கூடுதலாகப் பிரச்சினைகளில் சிக்கினர் என்பது அதில் தெரிந்தது. பெற்றோரை நோயாலோ மரணத்தாலோ பிரிந்த பிள்ளைகளைவிடவும் இவர்களின் நிலைமை மோசமாக இருந்தது.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு விடயமும் உண்டு. பிள்ளை பிறப்பதற்கு முன்னரே சிறை சென்று மீண்ட பெற்றோரின் பிள்ளைகள், பிறந்த பின்னர் பெற்றோர் சிறை செல்லக் கண்ட பிள்ளைகள் அளவுக்குப் பாதிக்கப்படவில்லை. எல்லாம் இரத்தத்தில் வருவதென்றால் இரு சாராரும் ஒரே மாதிரி அல்லவா இருந்திருக்க வேண்டும்?

சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் 1953 இல் பிறந்த 15,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் பற்றிய தரவுகளையும் ஆய்வாளர்கள் இதனுடன் ஒப்பிட்டனர். அங்கு பெற்றோரின் குற்றப் பின்னணியைக் கணக்கில் எடுத்த பின்னர், சிறையினால் மட்டும் ஏற்பட்ட மேலதிகப் பாதிப்பு என்று ஒன்றைக் காண முடியவில்லை. சுவீடனில் தண்டனைக் காலம் குறுகியது. குடும்பத்தினர் சந்திப்பதற்கு வசதிகள் கூட. குடும்பத்துக்கு அரச உதவி கிடைத்தது. சமூகமும் இவ்வளவு கடுமையாகப் பார்க்கவில்லை. இவை காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்தாகும்.

ஆகவே ஆபத்து பிள்ளையின் இரத்தத்தில் இல்லை. தகப்பன் போன பின் அந்த வீட்டுக்கு என்ன நடக்கிறது, ஊர் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்க்கிறது என்பவற்றிலேயே அது பெரிதும் தங்கியிருக்கிறது. சமூகவியலில் இதனை 'முத்திரை குத்துதல்' என்பர். ஒருவனைக் கள்ளன் என்று எல்லோரும் நடத்தத் தொடங்கினால், ஒழுங்கான வழிகள் அவனுக்கு ஒவ்வொன்றாக அடைபடும் என்று ஹவார்ட் பெக்கர் என்ற சமூகவியலாளர் 1963 இலேயே எழுதினார். வகுப்பில் ஒரு பேனை காணாமல் போனால் முதலில் யாருடைய புத்தகப் பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்று கவனித்தால் இது எங்களுக்கு விளங்கும்.

ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும்

ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்சன் கூட் என்பவர் 1984 முதல் 1992 வரை மேயராக இருந்தார். அந்நகரின் முதலாவது கறுப்பின மேயர் அவரே. வட கரோலினாவில் குத்தகை நிலத்தில் பயிர் செய்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது தகப்பன் சிறைக்குப் போனார். குடும்பம் பிலடெல்பியாவுக்கு இடம்பெயர்ந்தது. இவனுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு சரிவராது என்று பாடசாலையில் ஆலோசனை சொல்லப்பட்டது. ஆனால் அவர்கள் சென்ற தேவாலயத்தின் பாதிரியாரும் அவர் மனைவியும், "உன்னால் முடியும், போ" என்று ஊக்கம் கொடுத்து நின்றனர். அவர் படித்தார்.

அந்த அனுபவத்தோடுதான் 2000 ஆம் ஆண்டளவில் 'அமாச்சி' என்ற திட்டத்தை முன்னெடுப்பதற்கு அவர் வந்தார். தேவாலயங்களிலிருந்து தொண்டர்களைத் தெரிந்து, சிறையிலிருப்போரின் பிள்ளைகளுக்குத் துணையாக இணைத்தார்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது, குறைந்தது ஒரு வருடத்துக்காவது பிள்ளையைச் சந்திக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 2003 முதல் அமெரிக்க அரசாங்கமும் இவ்வாறான திட்டங்களுக்கு நாடு முழுவதும் நிதி வழங்கியது. சில வருடங்களின் பின் அந்த நிதி நிறுத்தப்பட்டது.

கூட் அவர்களின் கதை மனதைத் தொடும். எனினும் ஒருவரின் கதையை வைத்து முடிவுக்கு வந்துவிட முடியாது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் இத்தகைய வழித்துணைகளை நெடுங்காலமாக ஏற்படுத்தி வரும் ஓர் அமைப்பின் எட்டுக் கிளைகளில், 10 முதல் 16 வயது வரையான 959 பிள்ளைகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 1995 இல் வெளிவந்தது. இவர்கள் எல்லோரும் சிறையிலிருப்போரின் பிள்ளைகள் அல்லர். பெரும்பாலும் தாயோ தகப்பனோ தனித்து வளர்க்கும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். சீட்டுக் குலுக்குவது போல அரைவாசிப் பேருக்குத் துணை கொடுத்து, மற்றவர்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்தனர். 18 மாதங்களின் பின் பார்த்தபோது, துணை கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருள் பாவிக்கத் தொடங்குவது 46 வீதமும் மது அருந்தத் தொடங்குவது 27 வீதமும் குறைவாக இருந்தது. மற்றவர்களுக்குக் கைநீட்டி அடிப்பது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. பாடசாலைக்குக் கள்ளமடித்த நாட்களும் ஏறக்குறைய அரைவாசியாயின.

நல்ல செய்திதான். ஆனால் இதே தரவுகளை இரு ஆய்வாளர்கள் மீண்டும் எடுத்து, துணை எவ்வளவு காலம் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தனர். 2002 இல் வெளியான அவர்களின் முடிவுதான் தாய்மார் கட்டாயம் அறிய வேண்டியது. ஒரு வருடமோ அதற்கு மேலோ துணை நீடித்த பிள்ளைகளே கூடுதலான நன்மை பெற்றனர். மூன்று மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளோ தங்களைப் பற்றித் தாங்களே முன்னரைவிடக் குறைவாக மதிக்கத் தொடங்கியிருந்தனர். அதாவது, வந்துவிட்டுப் போகும் துணை, துணையே இல்லாததைவிடக் கெடுதல் செய்யலாம்.

1970 முதல் 2011 வரையான காலத்தின் 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு பெரிய மீளாய்வும் உண்டு. சிறுவர் குற்றச்செயல், முரட்டுத்தனம், போதைப்பொருள் பாவனை என்பவற்றைக் குறைப்பதில் வழித்துணை ஓரளவு உதவுகிறது என்பதே அதன் முடிவு. 'ஓரளவு' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புத்திமதி சொல்பவரைவிட, பிள்ளையின் மனதைக் கேட்பவரும், பிள்ளைக்காகப் பாடசாலையிலும் வெளியிலும் வாய் திறந்து கதைப்பவருமே கூடுதலாக உதவினர் என்பதும் அதில் தெரியவந்தது.

நல்லது செய்யப் போய்...

நல்ல மனதோடு செய்தால் நன்மைதான் வரும் என்று நாம் நம்புகிறோம். அப்படி இல்லை என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் கபொட் என்ற வைத்தியரின் முயற்சியால் 1939 முதல் 1945 வரை ஒரு திட்டம் நடந்தது. 506 சிறுவர்களைத் தெரிந்து, அரைவாசிப் பேருக்கு ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று உதவினர். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், வைத்தியரிடம் கூட்டிச் சென்றார்கள், கோடைகால முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஜோன் மக்கோர்ட் என்ற பெண் ஆய்வாளர் முப்பது வருடங்களின் பின் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் பலர், "அது எனக்கு நல்லாய் உதவியது" என்று சொன்னார்கள். ஆனால் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால், உதவி பெறாதவர்களைவிட அவர்கள் எந்த வகையிலும் மேலாக இருக்கவில்லை. மீண்டும் குற்றம் செய்தல், குடிப்பழக்கம், இளவயது மரணம் முதலிய சிலவற்றில் அவர்களின் நிலை மோசமாகவும் இருந்தது. அவர் இதனை 1978 இல் எழுதினார்.

ஏன் இப்படி? பிற்காலத்தில் அவர் சேர்ந்து செய்த ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டியது. கோடைகால முகாம்களுக்கு ஒரு தடவைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடமே கெடுதல் கூடுதலாகக் காணப்பட்டது. பிரச்சினை உள்ள பையன்களை ஒன்றாகக் கூட்டி வைத்தால், அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதும் உண்டு அல்லவா? "மறியலில் இருப்பவர்களின் பிள்ளைகள்" என்று பெயர் போட்டு, அவர்களை மட்டும் பிரித்தெடுத்து வாராவாரம் ஒரு மண்டபத்தில் இருத்துவதும் எனக்கு இதையே நினைவூட்டுகிறது. அது உதவியின் பெயரால் குத்தப்படும் இன்னொரு முத்திரை.

எங்கள் ஊரில் நான் கண்டவை

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு தாயை எனக்குத் தெரியும். கணவர் அநுராதபுரம் சிறையில். மூத்த மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. "அப்பா வெளிநாட்டிலை" என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் வீடுகளில் இது புதிதல்ல. ஒருநாள் வகுப்பில் இன்னொரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். மகன் அவனை அடித்தான். அதன் பின் பாடசாலைக்கு ஒழுங்காகப் போவதில்லை. கோபம் அந்தப் பையனில் மட்டுமல்ல, பொய் சொன்ன தாயிலும்தான்.

அந்தத் தாய் மகனை இருத்தி வைத்து உண்மையைச் சொன்னார். அழுதபடிதான் சொன்னார், ஆனால் முழுவதையும் சொன்னார். அடுத்த முறை அநுராதபுரம் போகும்போது அவனையும் கூட்டிச் சென்றார். தகப்பனின் முகத்தைக் கண்ட பிறகு, இரவில் கனவு கண்டு எழும்புவது குறைந்தது என்று என்னிடம் கூறினார்.

அவனுக்கு ஒரு துணையும் கிடைத்தது. எந்தத் திட்டமும் கொடுத்ததல்ல. சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் வயதான ஒருவர், தாயின் தகப்பனாரோடு பழகியவர். சனிக்கிழமைகளில் கடையில் நின்று ஒட்டுப் போடப் பழகும்படி பையனைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் போகாத கிழமையில் கடைக்கு வரக்கூடாது என்பது அவருடைய சட்டம். அதிபரைச் சந்திக்கத் தாய் பயந்தபோது, அவரும் சேட்டை மாற்றிக்கொண்டு கூடப் போனார். "இவன் என்ரை பொறுப்பு" என்று அங்கு சொன்னாராம். இது தொடங்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. பையன் இன்றும் கணிதத்தில் பின்தங்கித்தான் இருக்கிறான், கோபமும் வரும். ஆனால் பாடசாலைக்குப் போகிறான், இரவில் வீட்டில் இருக்கிறான்.

இன்னொரு வீட்டில் வேறு விதம். ஒரு நிறுவனம் ஆறு மாதத் திட்டம் ஒன்றுடன் வந்தது. இளைஞர் ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து பத்து வயதுப் பையனோடு விளையாடினார், பாடம் சொல்லிக்கொடுத்தார். நல்ல பிள்ளை அவர். ஆறு மாதம் முடிந்தது, நிதி முடிந்தது, அவரும் வருவதில்லை. யாரும் பையனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சில கிழமைகள் அவன் முகம் கழுவி, தலை இழுத்து, படலையடியில் நின்றானாம். "அந்த அண்ணாவையும் பிடிச்சிட்டாங்களோ அம்மா?" என்று கேட்டானாம். தகப்பனை இழந்த பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு. 2002 ஆம் ஆண்டு ஆய்வு கூறும் விடயம் இதுதான்.

தாய்மார் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்குத் துணை தருகிறோம் என்று யாராவது வந்தால், நன்றி சொல்வதற்கு முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள். உதவி பெறுபவர் கேள்வி கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

1. எவ்வளவு காலத்துக்கு வருவீர்கள்? ஒரு வருடத்துக்குக் குறைந்தால், இந்தத் துணை வேண்டுமா என்று நன்றாக யோசியுங்கள்.

2. வருபவர் யார்? அவரைத் தெரிந்தெடுத்தது யார், அவரைப் பற்றி விசாரித்தது யார்? நிறுவனத்தின் பெயரையும் பொறுப்பானவரின் பெயரையும் எழுதி வாங்குங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தருக்கு இத்திட்டம் தெரியுமா என்று நீங்களே போய்க் கேட்கலாம்.

3. பிள்ளையை எங்கே சந்திப்பார்? மற்றவர்கள் காணக்கூடிய இடமாக இருக்க வேண்டும். இரவில் தங்குதல், உங்களுக்குச் சொல்லாமல் கூட்டிச் செல்லுதல், "அம்மாவுக்குச் சொல்லாதே" என்று எதையும் கொடுத்தல் ஆகியவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள். தவறு நடந்ததாகச் சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

4. தகப்பனைப் பற்றி அவர் என்ன கதைப்பார்? "அப்பாவைப் போல வரக்கூடாது" என்று சொல்லித் தொடங்கும் துணை வேண்டாம். அது பிள்ளையை இரண்டாகப் பிளக்கும்.

5. மற்றப் பிள்ளைகளும் இதில் இருக்கிறார்களா? மறியலில் இருப்போரின் பிள்ளைகள் மட்டும் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

6. அவர் போக வேண்டி வந்தால் எப்படிப் போவார்? பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி, காரணம் சொல்லி, விடைபெற்றுப் போக வேண்டும்.

திட்டம் எதுவும் வராவிட்டாலும் மனம் தளர வேண்டாம். தாய்மாமன், பெரியம்மாவின் மகன், விளையாட்டுக் கழகத்துப் பொறுப்பாளர், அறநெறிப் பாடசாலை ஆசிரியர், சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஆகியோரில் ஒருவர் உங்கள் பிள்ளைக்கு அந்தச் சைக்கிள் கடை ஐயாவாக இருக்கக்கூடும். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஆனால் தெரிந்தவர் என்பதற்காக மேலே சொன்ன பாதுகாப்பு விடயங்களை விட்டுவிடவும் வேண்டாம். பெண் பிள்ளைகளையும் மறந்துவிடக்கூடாது. அவர்கள் அடிபடுவதில்லை, களவெடுப்பதில்லை, அதனால் அவர்களின் கவலை எங்கள் கண்ணில் படுவதில்லை.

துணையால் முடியாதவை

வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் வரும் மனிதரால் அரிசி வாங்க முடியாது. அநுராதபுரத்துக்கோ கொழும்புக்கோ போய்வரும் பஸ் காசைக் கொடுக்க முடியாது. முடிவடையாத வழக்கை முடித்துவைக்கவும் முடியாது. சிறையிலிருப்போரின் பிள்ளைகளைக் குற்றத்திலிருந்து காப்பது வழித்துணைதான் என்று சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவது எங்களை ஏமாற்றுவதாகும். ஸ்டொக்ஹோம் பிள்ளைகளின் கதையும் அதைத்தான் காட்டுகிறது.

இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு அவர்களுடன் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கும் உரிமை உண்டு என்கிறது. அந்தத் தொடர்பு பிள்ளையின் நலனுக்குப் பாதகமாக இருந்தால் மட்டுமே விலக்கு. அரசு ஒருவரைத் தடுத்து வைத்ததால் பிரிவு ஏற்பட்டிருந்தால், அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவலைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கைதிகளை இயன்றவரை அவர்களின் வீட்டுக்கு அண்மையிலுள்ள சிறையில் வைக்க வேண்டும் என்பது 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் ஒன்று. இவற்றை எடுத்துச் சொல்லி, மாதர் சங்கத்தின் ஊடாகவோ சட்டத்தரணி ஊடாகவோ இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதலாம். ஒரு கடிதத்தில் எல்லாம் நடந்துவிடாது. ஆனால் எழுதாத கடிதத்துக்குப் பதில் வராது.

எனவே முதலில் கேட்ட கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். வழித்துணை உதவும், ஓரளவு உதவும். அவர் நீண்ட காலம் நின்றால், பிள்ளையின் பக்கம் நின்றால், தாயை ஒதுக்காமல் தாயோடு சேர்ந்து நின்றால் உதவும். அரைவழியில் விட்டுப் போகிறவராக இருந்தால் வராமலே இருப்பது நல்லது.

அந்தப் பிள்ளைகளின் அயலவர்களாகவும் நம்மில் பலர் இருக்கிறோம். வகுப்பில் பேனை காணாமல் போன செய்தி வீட்டுக்கு வரும்போது, "ஆர், அந்த மறியல்காரன்ரை மகனோ?" என்று எங்கள் பிள்ளையிடம் கேட்காமல் இருப்பதும் ஒரு துணைதான். அதற்கு எந்த நிறுவனத்தின் நிதியும் தேவையில்லை.